ஜெனீவாவுக்குப் போன நர்ஸ்: கிளாரா பார்ட்டனும் அமெரிக்கா 18 ஆண்டு தள்ளிப்போட்ட ஒப்பந்தமும்

போர் நடக்கும் ஊரில் மருத்துவமனை மீது குண்டு விழுந்தது என்று செய்தி வரும்போதெல்லாம் 'ஜெனீவா ஒப்பந்த மீறல்' என்ற சொற்களும் கூடவே வந்துவிடுகின்றன. உடனே பலருக்கும் குழப்பம். ஜெனீவா ஒப்பந்தமும் செஞ்சிலுவைச் சங்கமும் ஒன்றா? ஒரு நாடு இதில் சேராமலே இருந்துவிட முடியுமா? சேர வைப்பது யார் வேலை?

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் கதை நன்றாக உதவும். 1864-ல் முதல் ஜெனீவா ஒப்பந்தம் உருவான கூட்டத்தில் அமெரிக்கப் பிரதிநிதிகள் பார்வையாளர்களாக உட்கார்ந்திருந்தார்கள். கையெழுத்துப் போடவில்லை. அமெரிக்கா சேர்ந்தது 1882-ல். அந்த 18 ஆண்டுத் தாமதத்தை முடித்துவைத்தவர் அமைச்சரோ தூதரோ அல்ல. உள்நாட்டுப் போரில் காயம் கட்டிய நர்ஸ், கிளாரா பார்ட்டன். பின்பு 1884-ல் அதே அமெரிக்க அரசு அவரைத் தன் பேராளராக ஜெனீவா மாநாட்டுக்கு அனுப்பியது. அமெரிக்கத் தூதரகப் பணியில் முதல் பெண்ணாக லூசில் ஆச்சர்சன் சேர்ந்தது 1922-ல். ஒரு நாட்டுக்கு முதல் பெண் தூதராக ரூத் பிரையன் ஓவன் டென்மார்க் போனது 1933-ல். பார்ட்டன் போன காலத்தில் அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுக்க வாக்குரிமைகூடக் கிடையாது.

முதலில் சில சொற்கள்

1. ஜெனீவா ஒப்பந்தம்: அரசுகள் தங்களுக்குள் செய்துகொண்ட சட்டம். 1864 ஆகஸ்ட் 22 அன்று 12 நாடுகள் கையெழுத்திட்டன. மொத்தம் பத்தே பிரிவுகள். காயம்பட்டவன் எந்தப் படையைச் சேர்ந்தவனானாலும் சிகிச்சை தர வேண்டும். ஆம்புலன்ஸ், படை மருத்துவமனை, அங்கே வேலை செய்பவர்கள் எல்லாரையும் நடுநிலையாகக் கருத வேண்டும். அடையாளமாக வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை இருக்க வேண்டும். இதுதான் சாரம்.

2. பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு: 1863-ல் ஜெனீவாவில் ஐந்து பேர் சேர்ந்து தொடங்கிய தனியார் அமைப்பு. சோல்ஃபெரினோ போர்க்களத்தை 1859-ல் நேரில் பார்த்த ஹென்றி டுனான், வழக்கறிஞர் மொய்னியே, மருத்துவர் லூயி அப்பியா மூவரும் அந்த ஐவரில் அடக்கம். ஒப்பந்தம் உருவாகக் காரணமாக இருந்தது இந்தக் குழு. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது அரசுகள் மட்டுமே.

3. தேசியச் சங்கம்: ஒவ்வொரு நாட்டிலும் இயங்கும் செஞ்சிலுவைச் சங்கம். பொதுவாக, அந்த நாட்டு அரசு ஒப்பந்தத்தில் சேர்ந்தால்தான் சங்கத்துக்குப் பன்னாட்டு அங்கீகாரம் கிடைக்கும்.

4. இணைதல்: மற்ற நாடுகள் கையெழுத்திட்டு முடித்த ஒப்பந்தத்தில் பின்னால் வந்து சேர்வது. அமெரிக்காவில் இதற்குக் குடியரசுத் தலைவரின் கையெழுத்து மட்டும் போதாது. செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதலும் வேண்டும்.

மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்துப் பார்த்தால் பார்ட்டனின் சிக்கல் விளங்கும். சங்கத்தை மட்டும் தொடங்கிவிட்டுப் போக அவரால் முடியாது. ஓர் அரசின் வெளியுறவுக் கொள்கையையே நகர்த்த வேண்டியிருந்தது.

நர்ஸ் என்றால் எப்படிப்பட்ட நர்ஸ்?

பார்ட்டன் எந்தப் பள்ளியிலும் நர்சிங் படித்தவர் அல்ல. 1821 டிசம்பர் 25 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் பிறந்தார். நைட்டிங்கேல் முறையில் அமெரிக்காவில் நர்சிங் பள்ளிகள் வந்ததே 1873-ல்தான். அவருடைய பயிற்சி வீட்டில் தொடங்கியது. அண்ணன் டேவிட் களஞ்சியக் கூரையிலிருந்து விழுந்து படுத்த படுக்கையானபோது இவருக்கு 11 வயது. மருந்து கொடுப்பது, அன்றைய வைத்திய முறைப்படி அட்டைகளைக் கடிக்க விடுவது என்று ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அண்ணனைப் பார்த்துக்கொண்டார்.

பிறகு பள்ளி ஆசிரியை. அதன்பின் வாஷிங்டனில் காப்புரிமை அலுவலகத்தில் எழுத்தர். உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861 ஏப்ரலில், பால்டிமோர் தெருக்களில் தாக்கப்பட்ட மாசசூசெட்ஸ் படைப்பிரிவு தலைநகருக்கு வந்து, தங்க இடமில்லாமல் செனட் மண்டபத்திலேயே இறக்கப்பட்டது. அவர்களில் சிலர் அவருடைய பழைய மாணவர்கள். வீட்டிலிருந்த துணி, ஊசி நூல், உணவு எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு போனவர், செனட் தலைவரின் மேசைக்கு முன்னால் நின்று அவர்களுக்கு ஊர்ப் பத்திரிகையை உரக்கப் படித்துக் காட்டினார். நிவாரண வேலை அங்கேதான் தொடங்கியது.

1862 செப்டம்பர் 17, உள்நாட்டுப் போரின் ஆன்டீட்டம் போர்க்களம். அவர் வண்டி போய்ச் சேர்ந்தபோது அறுவை மருத்துவர்கள் கட்டுத் துணி தீர்ந்துபோய்ச் சோள மட்டைகளை வைத்துக் காயத்தை மூடிக்கொண்டிருந்தார்கள். ஒரு வீரனைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுக்கும்போது ஒரு குண்டு அவர் சட்டைக் கையைத் துளைத்துக்கொண்டு போய் அந்த வீரனைக் கொன்றது. இருட்டிய பிறகு மருத்துவர்களிடம் விளக்கில்லை. இவர் வண்டியில் லாந்தர்கள் இருந்தன. என்னைப் பொறுத்தவரை குண்டைவிட இந்த லாந்தர்தான் முக்கியம். ராத்திரி வரும், விளக்கு வேண்டும் என்று புறப்படுவதற்கு முன்பே யோசித்து வைப்பதுதான் அவர் வேலைமுறை. பின்னால் அரசுகளோடு பேசியபோதும் அதே முறைதான்.

போர் முடிந்ததும் லிங்கனின் ஒப்புதலோடு, காணாமல் போன வீரர்களைத் தேடும் அலுவலகம் ஒன்றை வாஷிங்டனின் ஏழாம் தெரு மாடியில் நடத்தினார். குடும்பங்களிலிருந்து 63,000-க்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. பெயர்ப் பட்டியலை அச்சடித்து அஞ்சலகங்களில் ஒட்டினார்கள். தெரிந்தவர்கள் எழுதிப்போட, 22,000-க்கும் மேற்பட்டோருக்கு என்ன ஆனது என்று தெரிய வந்தது. ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் இறந்த ஏறத்தாழ 13,000 பேரின் கல்லறைகளுக்குப் பெயர் எழுதும் வேலையிலும் அவர் இருந்தார். அங்கே கைதியாக இருந்த டோரன்ஸ் அட்வாட்டர் என்ற இளைஞன் ரகசியமாகப் படியெடுத்து வைத்திருந்த இறப்புப் பதிவேடுதான் அதற்கு ஆதாரம்.

ஜெனீவாவில் ஒரு கேள்வி

1869-ல் உடல்நலம் கெட்டு, மருத்துவர் சொன்னபடி ஓய்வுக்காக ஐரோப்பா போனார். ஜெனீவாவில் அப்பியாவும் நண்பர்களும் அவரைத் தேடி வந்தார்கள். "உங்கள் நாடு ஏன் இதில் சேரவில்லை?" என்பதே அவர்கள் கேட்டது. நான்கு ஆண்டுப் போரில் ஊர் ஊராகக் காயம் கட்டிய பெண்ணுக்கு, அப்படி ஓர் ஒப்பந்தம் இருப்பதே அதுவரை தெரியாது.

அடுத்த ஆண்டே பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஓய்வுக்கு வந்தவர் களத்துக்குப் போனார். சுவிஸ் நகரான பாசலில் செஞ்சிலுவைக் கிடங்குகளைப் பார்த்தார். கட்டுத்துணியும் போர்வையும் மருந்தும், போர் தொடங்கிய கையோடு, வகை பிரித்து அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. வழியில் காவலர்கள் மறித்தபோது, கைப்பட்டை இல்லாததால், தன் உடையிலிருந்த சிவப்பு ரிப்பனை எடுத்துச் சிலுவையாகத் தைத்துக் கையில் கட்டிக்கொண்டதாக அவர் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. ஒரு துணுக்கு ரிப்பன் துப்பாக்கிக்காரனை வழிவிட வைக்கிறது என்றால், அதற்குப் பின்னால் அரசுகள் ஒப்புக்கொண்ட சட்டம் இருக்கிறது. அதே ரிப்பனை ஆன்டீட்டத்தில் கட்டியிருந்தால் ஒரு பயனும் இருந்திருக்காது.

முற்றுகையில் நொறுங்கிய ஸ்ட்ராஸ்பர்க்கில், பாடன் நாட்டுக் கோமகள் லூயிஸின் ஆதரவோடு, பெண்களுக்குத் தையல் கூடம் அமைத்தார். தைத்த துணிக்குக் கூலி உண்டு. வெறுமனே துணியைக் கையில் கொடுப்பதைவிட இது நல்லது என்பது அவர் முடிவு.

நாங்கள் நாலு ஆண்டில் செய்ய முடியாததை இவர்கள் நாலே மாதத்தில் செய்கிறார்கள் என்ற பொருளில் பின்னாளில் எழுதினார். ஊர் திரும்பியதும் இதை என் மக்களுக்குப் புரியவைப்பேன் என்று அப்போதே முடிவெடுத்ததாகவும் சொல்கிறார்.

வாஷிங்டன் ஏன் மறுத்தது?

1873-ல் திரும்பியவர் சில ஆண்டுகள் நோயோடு மல்லுக்கட்டினார். 1877-ல் மொய்னியே குடியரசுத் தலைவர் ஹேஸுக்கு எழுதிய கடிதம் அவர் கைக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டு வாஷிங்டன் போனார். கிடைத்த பதில்கள் இவை:

1. *வெளிநாட்டு வலையில் சிக்கக்கூடாது.* ஐரோப்பியக் கூட்டணிகளில் மாட்டிக்கொள்ளாதே என்பது குடியரசு தொடங்கிய காலத்திலிருந்தே அமெரிக்காவின் வழக்கம். அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பா தலையிடக்கூடாது என்று 1823-ல் வந்த மன்றோ கோட்பாடு இதற்கு இன்னும் வலு சேர்த்தது. எந்தப் பன்னாட்டு ஒப்பந்தத்தைக் காட்டினாலும் சந்தேகம்தான்.

2. *இது ஏற்கெனவே முடிவான விஷயம்.* உள்நாட்டுப் போர்க் காலத்தில் வெளியுறவு அமைச்சராக இருந்த வில்லியம் சீவர்ட் மறுத்திருந்தார். இப்போது துணைச் செயலர் நாற்காலியில் இருந்தவர் அவர் மகன் ஃபிரடெரிக் சீவர்ட். அப்பா மூடிய கோப்பை மகன் திறப்பாரா?

3. *நமக்கு இனிப் போரே வராது.* உள்நாட்டுப் போரின் வலி அப்படி. காயம்பட்டவனைப் பற்றி இன்னொரு தடவை பேச மக்களுக்கு மனமில்லை.

இவை மூன்றும் மூன்று விதமான தடைகள். முதலாவது சட்டம் சார்ந்தது, இரண்டாவது அலுவலகம் சார்ந்தது, மூன்றாவது மனம் சார்ந்தது. பார்ட்டன் மூன்றையும் வேறு வேறு வழியில் எதிர்கொண்டார்.

முதல் தடைக்குப் பதில் ஒப்பந்தத்தின் வாசகத்திலேயே இருந்தது. பத்துப் பிரிவுகளில் எதுவும், இன்னொரு நாட்டுக்காகப் போருக்கு வா என்று சொல்லவில்லை. மருத்துவமனையைச் சுடாதே, எதிரியின் காயத்துக்கும் மருந்து போடு, அவ்வளவுதான். இதைக் கூட்டணி என்று சொல்ல வழியில்லை.

இரண்டாவது தடைக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஹேஸ் ஆட்சி முடியும் வரை காத்திருந்தார். அந்த நேரத்தை வீணாக்கவில்லை. செஞ்சிலுவை என்றால் என்ன என்று விளக்கும் சிறு பிரசுரம் ஒன்றை 1878-ல் அச்சிட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் கொடுத்தார். 1881-ல் கார்ஃபீல்டு குடியரசுத் தலைவராக வந்தார். அவருடைய வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பிளேய்ன் ஆதரவாகப் பேசினார். மன்றோ கோட்பாடு மனிதநேயத்துக்கு அணை போட வந்ததல்ல என்பது அவர் நிலைப்பாடு.

மூன்றாவது தடைக்குத் தந்த பதில்தான் பின்னால் உலகத்துக்கே பயன்பட்டது. சரி, போர் வராது என்றே வைத்துக்கொள்வோம். வெள்ளம் வராதா? காட்டுத்தீ வராதா? பஞ்சமும் கொள்ளைநோயும் வராதா? கிடங்கு, பயிற்சி பெற்ற ஆட்கள், பணம் திரட்டும் ஏற்பாடு எல்லாம் அப்போதும் வேண்டுமே! ஐரோப்பாவில் போருக்காகப் பிறந்த அமைப்பை அமெரிக்காவில் அவர் பேரிடருக்காக விளக்கினார்.

1881 மே 21 அன்று வாஷிங்டனில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் தொடங்கியது. ஜூலை 2 அன்று கார்ஃபீல்டு சுடப்பட்டார்; செப்டம்பரில் இறந்தார். எல்லாம் மறுபடி முதலிலிருந்தா என்ற நிலை. ஆனால் அதே மாதம் மிச்சிகனில் பெரும் காட்டுத்தீ. புதிய சங்கம் உடனே நிவாரணம் அனுப்பியது. அவர் வாதத்துக்குக் கண்முன்னால் சாட்சி கிடைத்துவிட்டது. அடுத்து வந்த ஆர்தர் 1882 மார்ச் 1 அன்று கையெழுத்திட்டார். மார்ச் 16 அன்று செனட் ஒப்புதல் தந்தது.

1884: பேராளர்

1884 தொடக்கத்தில் ஒஹாயோ ஆறு கரை உடைத்தது. 62 வயதில் பார்ட்டன் நீராவிப் படகில் விறகும் துணியும் உணவும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அந்தக் களைப்பு தீருமுன்பே, செப்டம்பரில் ஜெனீவாவில் நடக்கும் மூன்றாவது பன்னாட்டு மாநாட்டுக்கு அரசின் பேராளராகப் போகச் சொன்னார் வெளியுறவு அமைச்சர் ஃபிரெலிங்ஹைசன். தயங்கினார், பின்பு போனார். நீதிபதி ஜோசப் ஷெல்டனும் சங்கத்தைச் சேர்ந்த அடால்ஃபஸ் சாலமன்ஸும் கூடச் சென்றார்கள்.

'அமெரிக்கத் திருத்தம்' என்று வரலாற்றில் சொல்லப்படும் முடிவு இந்த மாநாட்டில் பிறந்தது. போர்க்கால வேலைக்கு ஒத்த மனிதநேய வேலைகளைச் சமாதானக் காலத்திலும் செஞ்சிலுவைச் சங்கங்கள் செய்யலாம் என்பது அதன் உள்ளடக்கம். பெயரைப் பார்த்து 1864 ஒப்பந்தத்தின் பிரிவுகளே திருத்தப்பட்டன என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இது மாநாட்டின் தீர்மானம். சங்கங்களின் வேலை எல்லையை விரித்தது. நடைமுறையில் இதன் விளைவு ஒப்பந்தத் திருத்தத்துக்குக் குறைந்ததல்ல.

வாஷிங்டனில் எதிர்ப்பைச் சமாளிக்க அவர் எடுத்த வாதம், இரண்டே ஆண்டில் ஜெனீவாவின் பொதுக் கொள்கை ஆகிவிட்டது. தாமதமாக வந்து சேர்ந்த நாடு, முன்பே இருந்தவர்களுக்குப் புதிதாக ஒன்றைக் கொடுத்தது. தூதுப்பணியில் இதைவிடப் பெரிய வெற்றி அரிது என்பேன்.

கான்ஸ்டான்டினோபிள், 1896

உண்மையான பேரம் பேசும் திறமை தெரிந்த இடம் இதுதான். ஒட்டோமான் பேரரசில் ஆர்மீனியர்கள் மீது 1894 முதல் நடந்த படுகொலைகளுக்குப் பின் நிவாரணம் அனுப்ப அமெரிக்காவில் நிதி திரண்டது. பார்ட்டன் புறப்படுமுன்பே, செஞ்சிலுவைச் சங்கத்தை உள்ளே விடமாட்டோம் என்று வாஷிங்டனிலிருந்த துருக்கியத் தூதர் அறிக்கை விட்டார். ஒட்டோமான் அரசு ஒப்பந்தத்தில் இருந்தாலும், சிலுவைச் சின்னத்துக்குப் பதிலாகச் செம்பிறையைப் பயன்படுத்தி வந்தது. அந்தச் சின்னத்துக்கு முறையான ஏற்பு 1929-ல்தான் கிடைத்தது.

74 வயதில் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டினோபிளில் போய் இறங்கியவர், அமெரிக்கத் தூதரோடு வெளியுறவு அமைச்சர் தெவ்ஃபிக் பாஷாவைச் சந்தித்தார். அங்கே அவர் செய்ததைப் பிரித்துப் பார்க்கலாம்.

1. எதை விட்டுக்கொடுக்கலாம் என்று தெரிந்து விட்டுக்கொடுத்தார். நிவாரணம் செஞ்சிலுவைச் சங்கத்தின் பெயரில் போகாமல் தனிப்பட்டவர்களின் பெயரில் போகட்டும் என்றார். கொடி முக்கியமா, கோதுமை முக்கியமா?

2. எதிர்த் தரப்பின் அச்சம் எது என்று கண்டு அதற்கு வாக்குறுதி தந்தார். பத்திரிகைக்காரர்களைக் கூட்டி வரவில்லை, ஒளிவுமறைவாக எதுவும் செய்யமாட்டோம் என்றார்.

3. பதிலுக்கு அதே நேர்மையைக் கேட்டார். என் ஆட்களுக்கும் அப்படியே நடக்க வேண்டும் என்று அமைச்சரிடம் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

அனுமதி கிடைத்தது. மராஷ், ஜெய்தூன், கார்பூத் பகுதிகளுக்குக் குழுக்கள் போயின. டைபஸ் காய்ச்சலுக்கு மருத்துவர்கள், உழவுக்கு விதையும் அரிவாளும் கருவிகளும். பார்ட்டன் தலைநகரிலேயே இருந்து அனுமதிச் சீட்டு, பணம், தந்தி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. நடந்த கொடுமையை உலகுக்கு உரக்கச் சொல்லும் உரிமையை நிவாரணக்காரர்கள் கையிலிருந்து விட்டார்கள். உள்ளே போக வேண்டுமானால் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா என்ற கேள்வி இன்றும் நிவாரண அமைப்புகளை விடவில்லை. பட்டினி கிடப்பவர்களைக் கண்ணால் பார்த்த ஒரு நர்ஸ் எடுத்த முடிவு அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விலகல்

1902-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மாநாட்டுக்கும் போனார். ஆனால் சங்கம் வளர வளர, எல்லாவற்றையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டது பாதகமாயிற்று. கணக்கு வழக்கு சரியாக இல்லை என்று உள்ளேயே குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணையில் மோசடி எதுவும் நிறுவப்படவில்லை. 1904-ல் விலகினார். 1889-ல் 2,209 பேரைப் பலிகொண்ட ஜான்ஸ்டவுன் வெள்ளத்தில் நிவாரணக் குடியிருப்பு கட்டப் பயன்பட்ட மரங்களைப் பிரித்துக் கொண்டுவந்து கட்டிய க்ளென் எக்கோ வீட்டில், 1912 ஏப்ரல் 12 அன்று, 90 வயதில் காலமானார்.

இன்றைய செய்தியில் இவை எங்கே இருக்கின்றன?

போர்க்களத்துக்கும் பேரிடருக்கும் தனித்தனி அமைப்புகள் இருப்பது பலருக்குக் குழப்பம் தருகிறது. போர்ப் பகுதியில் வேலை செய்வது 1863-ல் தொடங்கிய பன்னாட்டுக் குழு. பேரிடர்களில் தேசியச் சங்கங்களை ஒருங்கிணைப்பது 1919-ல் தொடங்கிய கூட்டமைப்பு. இதன் வேலைக்கு வழி திறந்தது 1884 தீர்மானம். 2004 சுனாமிக்குப் பின் தமிழகக் கரையிலும் இலங்கைக் கரையிலும் செஞ்சிலுவைச் சின்னத்தோடு வந்த நிவாரணம் இரண்டாவது வகை.

முதல் வகையை ஈழத் தமிழர்கள் நேரில் அறிவார்கள். 1989 முதல் பன்னாட்டுக் குழு இலங்கையில் இருக்கிறது. 2009 பிப்ரவரி முதல் மே வரை புதுமாத்தளன் கரையிலிருந்து காயம்பட்டவர்களைச் சிறு படகுகளில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோய், திருகோணமலையிலும் புல்மோட்டையிலும் சேர்த்தார்கள். நோயாளிகளும் துணைக்கு வந்தவர்களுமாக ஏறத்தாழ 14,000 பேர்.

பார்ட்டனின் ஏழாம் தெரு அலுவலகம் செய்த வேலைக்கும் இங்கே இடம் உண்டு. தங்கள் வீட்டாரைக் காணவில்லை என்று இலங்கைக் குடும்பங்கள் அந்தக் குழுவிடம் பதிந்த பெயர்கள் 16,000-க்கும் மேல். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பு 2017 பிப்ரவரி 20 அன்று பிள்ளைகளின் படங்களோடு உட்கார்ந்த அம்மாக்கள் கேட்டதும், 1865-ல் அந்த மாடி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிய தாய்மார்கள் கேட்டதும் ஒன்றுதான்: என் பிள்ளைக்கு என்ன ஆனது?